ஏழு ரேஸ், ஏழு பெயர்: ஒரு நாள் குதிரைப் பந்தயத்தில் கணிப்பு எவ்வளவு தூரம் செல்லும்?

குதிரைப் பந்தயம் நடக்கிற நாளில் காலையிலேயே ஒரு பட்டியல் கைக்குக் கை மாறும். முதல் ரேஸுக்கு இந்தக் குதிரை, இரண்டாவதற்கு அது என்று ஏழு ரேஸுக்கும் ஏழு பெயர். சாயங்காலம் பார்த்தால் அதில் இரண்டுதான் ஜெயித்திருக்கும். கணித்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள் சிலர். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்பார்கள் வேறு சிலர். இரண்டு முடிவுக்குமே அவசரப்பட வேண்டியதில்லை. ஏழில் இரண்டு என்பது விஷயம் தெரிந்தவருக்கும் மிகச் சாதாரணமான நாள். அது ஏன் அப்படி, கணிப்பவர்கள் எதைப் பார்த்துக் கணிக்கிறார்கள், ஒரு ரேஸிலிருந்து ஒரு முழு நாளுக்குப் போகும்போது கணக்கு எப்படி மாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மூன்றில் ஒன்று

ஒரு ரேஸில் அதிகப் பணம் எந்தக் குதிரை மேல் விழுகிறதோ அதுதான் ஃபேவரிட். உலகத்தின் பெரும்பாலான பந்தய மைதானங்களில், நீண்ட காலக் கணக்கில், ஃபேவரிட் ஏறத்தாழ மூன்று ரேஸுக்கு ஒன்றில் ஜெயிக்கிறது. சில வகை ரேஸில் கொஞ்சம் கூடும், சிலவற்றில் குறையும். ஆனால் மூன்றில் ஒன்று என்ற அளவைச் சுற்றியேதான் நிற்கும்.

இதை ஏழு ரேஸ் கொண்ட ஒரு நாளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு ரேஸிலும் ஃபேவரிட்டுக்குச் சரியாக மூன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 2187 பந்தய நாட்களில் சராசரியாக இப்படி நடக்கும்:

- ஒரு ஃபேவரிட்டும் ஜெயிக்காத நாட்கள்: 128
- ஒன்று மட்டும்: 448
- இரண்டு: 672
- மூன்று: 560
- நான்கு: 280
- ஐந்து: 84
- ஆறு: 14
- ஏழும்: 1

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மிக அதிகமாக வருவது 'இரண்டு'. ஐந்தோ அதற்கு மேலோ வருகிற நாட்கள் 99, அதாவது நூற்றுக்கு நான்கரை. எதையும் ஆராயாமல் ஃபேவரிட்டின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கிற ஒருவர், வருடத்தில் நூறு பந்தய நாள் இருந்தால் நான்கைந்து நாள் 'ஏழில் ஐந்து' என்று சொல்லிக்கொள்ள முடியும். அந்த நான்கைந்து நாள்தான் விளம்பரத்தில் வரும்.

## ரேட் என்பது ஒரு சதவீதம்

ஒரு குதிரைக்கு 2/1 என்று ரேட் போட்டிருந்தால், ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் இரண்டு ரூபாய் லாபம். கட்டிய ஒன்றும் திரும்பி வரும், ஆக கையில் மூன்று. இதையே வாய்ப்பாக மாற்றினால் மூன்றில் ஒன்று, 33.3 சதவீதம். 4/1 என்றால் ஐந்தில் ஒன்று, 20 சதவீதம். ரேட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் இந்தச் சதவீதமாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது ஆறு குதிரை ஓடுகிற ஒரு ரேஸை எடுத்துக்கொள்வோம். ரேட் 2/1, 3/1, 4/1, 6/1, 8/1, 10/1. சதவீதமாக மாற்றினால் 33.3, 25, 20, 14.3, 11.1, 9.1. கூட்டினால் 112.8 வருகிறது. நடக்கக்கூடிய எல்லாவற்றின் வாய்ப்பும் சேர்ந்து 100-தான் இருக்க முடியும். மிச்சமுள்ள 12.8 புக்கியின், அதாவது ரேட் போட்டுப் பந்தயப் பணம் வாங்குகிறவரின் பங்கு. எல்லாக் குதிரை மேலும் அந்தந்த விகிதத்தில் பணம் கட்டினால், எது ஜெயித்தாலும் 112.8 கட்டி 100-தான் திரும்ப வாங்குவீர்கள்.

டோட் என்கிற முறையில் புக்கி கிடையாது. எல்லோருடைய பணமும் ஒரே தொட்டியில் விழும். நடத்துபவர் தன் பங்கையும் வரியையும் எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலேர் கொண்டுவந்த முறை இது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்று கையால் கூட்டி மாளவில்லை. ஜார்ஜ் ஜூலியஸ் அமைத்த தானியங்கிக் கணக்கு இயந்திரம் 1913-ல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் முதன்முதலாக ஓடியது. இன்று கணினி அந்த வேலையைச் செய்கிறது, அடிப்படை மாறவில்லை. நடத்துபவரின் பங்கு நாட்டுக்கு நாடு, பந்தய வகைக்கு வகை மாறும். ஆறில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை பல இடங்களில் உண்டு.

ஆகவே கேள்வி இரண்டு. எந்தக் குதிரை ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்பது முதல் கேள்வி. அந்த வாய்ப்புக்கு இந்த ரேட் போதுமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு மட்டும் பதில் தெரிந்தவர், ஃபேவரிட்டை எழுதிக் கொடுப்பவரைவிட அதிக தூரம் போக முடியாது.

## ஒரு குதிரையின் வாய்ப்பை எதிலிருந்து எடுப்பது

ரேஸ் கார்டில், அதாவது அன்றைய ரேஸ்களின் விவரப் பட்டியலில், ஒரு குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் 31-2041 என்பது போல ஒரு எண் வரிசை இருக்கும். இதுதான் ஃபார்ம். வலது ஓரத்தில் இருப்பது கடைசியாக ஓடிய ரேஸ். ஆக, இந்தக் குதிரை கடைசி ரேஸில் முதலிடம், அதற்கு முன் நான்காவது, அதற்கு முன் பத்தாவதோ அதற்கும் பின்னாலோ, அதற்கும் முன் இரண்டாவது. கோடு பருவம் மாறியதைக் காட்டுகிறது. புதிதாகப் பார்க்கிறவர் இந்த எண்களைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவார். கணிப்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்குவார்.

1. எந்த வகுப்பில் வந்த எண் அது? தொடர்ந்து மூன்று முறை ஜெயித்த குதிரையைவிட, நான்காவது, ஐந்தாவது, மூன்றாவது என்று வந்த குதிரை சிறந்ததாக இருக்கலாம். முன்னது கீழ் வகுப்பில் ஜெயித்தது, பின்னது மேல் வகுப்பில் தோற்றது என்றால் எண்கள் தலைகீழாகப் பேசும். பத்தாவது இடம் என்ற அந்த 0-கூட, இருபது குதிரைகளில், வழி அடைபட்டு, நான்கே லெங்த் பின்னால் வந்ததாக இருக்கலாம். லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் எட்டடி. முழு வேகத்தில் ஓடும் குதிரை ஒரு விநாடியில் ஐந்தாறு லெங்த் கடந்துவிடும். நான்கு லெங்த் வித்தியாசம் என்பது முக்கால் விநாடிக் கதை.

2. முதுகில் எவ்வளவு எடை? ஹேண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்கு அதிக எடையும், சுமாரான குதிரைக்குக் குறைந்த எடையும் கொடுத்து எல்லோரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாகக் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் ஹேண்டிகேப் போடுபவரின் கனவு. வயதுக்கு ஏற்ற எடை என்ற அளவுகோலை 1850-களில் இங்கிலாந்தில் ஒழுங்குபடுத்தியவர் அட்மிரல் ஹென்றி ரௌஸ். ஒரு மைல் தூரத்தில் ஏறத்தாழ இரண்டு பவுண்டு எடை ஒரு லெங்த்துக்குச் சமம் என்பது கணிப்பவர்களின் கைக்கணக்கு. குறைந்த தூரத்தில் ஒரு லெங்த்துக்கு அதைவிட அதிக எடை வேண்டும், நீண்ட தூரத்தில் குறைவே போதும்.

எடை என்ன செய்யும் என்பதற்கு ஃபார் லாப் என்ற குதிரையின் கதை போதும். 1930 மெல்போர்ன் கோப்பையை 138 பவுண்டு சுமந்து ஜெயித்தது அந்தக் குதிரை. அடுத்த வருடம் அதே கோப்பையில் அதன் முதுகில் 150 பவுண்டு ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. இருபத்தொரு ரேஸில் இருபதை வென்ற மேன் ஓ வார் தோற்ற ஒரே ரேஸிலும் எடை உண்டு. 1919 ஆகஸ்டில் அமெரிக்காவின் சரடோகா மைதானத்தில் அது சுமந்தது 130 பவுண்டு, ஜெயித்த அப்செட் சுமந்தது 115. புறப்பாடும் அன்று அதற்குச் சரியாக அமையவில்லை. அரை லெங்த்தில் தோற்றது. பதினைந்து பவுண்டு வித்தியாசத்துக்கு அந்த அரை லெங்த்தை வைத்துப் பார்த்தால், தோற்ற குதிரையே மேல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

3. தூரமும் தரையும். ஆறு ஃபர்லாங்கில் பறக்கும் குதிரை பன்னிரண்டு ஃபர்லாங்கில் மூச்சு வாங்கும். ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர். மழை பெய்து தரை இளகிவிட்டால் பழைய ரேஸ் நேரங்கள் எல்லாம் ஒப்பிட முடியாதவை ஆகிவிடும். ஈரத் தரையில் ஓடிப் பார்க்காத குதிரையைப் பற்றி யாரிடமும் நல்ல விடை இருக்காது. அப்பா குதிரையும் அம்மா குதிரையும் எப்படி ஓடின என்பது ஒரு சிறு குறிப்பு மட்டுமே.

4. எந்தக் கதவு? புறப்படும் இடத்தில் உள்பக்கக் கதவு கிடைத்தால் வளைவில் தூரம் மிச்சம். நேர் பாதையில் இதற்குப் பெரிய அர்த்தம் இல்லாமல் போகலாம். இங்கிலாந்தின் செஸ்டர் மைதானம் இதற்குப் பேர்போனது. ஒரு சுற்றே ஒரு மைல்தான், ஏறக்குறைய முழுவதும் வளைவு. அங்கே குறைந்த தூர ரேஸில் வெளிப்பக்கக் கதவு கிடைத்த குதிரைக்கு ரேஸ் தொடங்கும் முன்பே பாதகம் விழுந்துவிடுகிறது.

5. ரேஸ் எந்த வேகத்தில் போகும்? புதியவர்கள் பார்க்கவே பார்க்காத விஷயம் இது. என் மதிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

சில குதிரைகள் கதவு திறந்ததும் முன்னால் போனால்தான் ஓடும். சில, கூட்டத்தின் நடுவில் ஒதுங்கி நிற்கும். சில, கடைசியில் கிடந்து, கடைசி இரண்டு ஃபர்லாங்கில் பாயும். ஒரு ரேஸில் முன்னோடி ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதன் ஜாக்கி தனக்கு வசதியான வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் இருப்பவர்கள் உணரும்போது அதன் காலில் இன்னும் சக்தி மிச்சமிருக்கும். அதுவே முன்னோடிகள் மூன்று நான்கு இருந்தால், ஒன்றையொன்று விடாமல் துரத்தி, எல்லாம் சேர்ந்தே களைத்துப்போகும்.

2022 கென்டக்கி டெர்பியில் நடந்தது இதுதான். முதல் கால் மைலை முன்னணிக் குதிரைகள் 21.78 விநாடியில் கடந்தன. அந்த ரேஸின் வரலாற்றிலேயே மிக வேகமான தொடக்கம் அது. மொத்தத் தூரமோ ஒன்றேகால் மைல். கடைசி நேரான பாதையில் முன்னால் இருந்தவை ஒவ்வொன்றாகத் தளர, வெகு பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரிச் ஸ்ட்ரைக் உள்பக்கமாக நுழைந்து நுழைந்து வந்து ஜெயித்தது. முந்தைய நாள் வேறொரு குதிரை விலகியதால்தான் அதற்கு இடமே கிடைத்திருந்தது. ரேட் 80/1. அந்தக் குதிரையின் பெயரை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அதிவேகமாகத் தொடங்கும் ரேஸ் யாருக்குச் சாதகம் என்பது எப்போதும் சொல்லக்கூடிய விஷயம்.

ஆகவே கார்டைக் கையில் எடுத்ததும், ஒவ்வொரு குதிரையும் முந்தைய ரேஸ்களில் முதல் இரண்டு ஃபர்லாங்கில் எங்கே இருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. பத்து நிமிட வேலை. அந்தக் குறிப்பு சொல்வதை ஃபார்ம் எண்கள் சொல்லாது.

6. ஜாக்கியும் டிரெய்னரும். முக்கியம்தான். ஆனால் பெரிய ஜாக்கியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அதனால் அது ஏற்கெனவே ரேட்டில் ஏறியிருக்கும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரையை முதல் ரேஸிலேயே தயாராகக் கொண்டுவருகிற டிரெய்னர் யார், இரண்டு மூன்று ரேஸ் ஓடவிட்டுப் பிறகு கூர்தீட்டுகிறவர் யார் என்பது போன்ற நுட்பங்களில்தான் இன்னும் பயன் இருக்கிறது.

7. கண்ணால் பார்ப்பது. ரேஸுக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். கழுத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் வெள்ளையாக நுரை கட்டியிருந்தால் குதிரை பதற்றத்திலேயே சக்தியைச் செலவழிக்கிறது என்று பொருள். ஆனால் சில குதிரைகள் எப்போதுமே வியர்க்கும், வியர்த்தே ஜெயிக்கும். ஒரு குதிரையை அதன் வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும், பக்கத்துக் குதிரையோடு அல்ல.

இவ்வளவையும் பார்த்த பிறகு கடைசி வேலை, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சதவீதம் எழுதுவது. கூட்டினால் 100 வர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை மனதை நேர்ப்படுத்திவிடும். ஒரு குதிரைக்கு ஐந்து கூட்ட ஆசைப்பட்டால், வேறு எதிலிருந்து அந்த ஐந்தைப் பிடுங்குவது என்று சொல்லியாக வேண்டும். உங்கள் கணக்கில் 25 சதவீதம் வாய்ப்புள்ள குதிரைக்கு 4/1 ரேட் கிடைத்தால், ரேட் சொல்வது 20 சதவீதம்தான், அங்கே ஏதோ இருக்கிறது. 40 சதவீதம் வாய்ப்புள்ள ஃபேவரிட்டுக்கு 6/4 ரேட் என்றால் அதுவும் சரியாக 40 சதவீதம். ஜெயிக்க அதுதான் அதிக வாய்ப்புள்ள குதிரை, ஆனாலும் அதில் எடுக்க ஒன்றுமில்லை.

## கூட்டம் அவ்வளவு முட்டாள் இல்லை

உங்கள் 25-க்கும் ரேட்டின் 20-க்கும் வித்தியாசம் வரும்போது, பெரும்பாலும் தவறு உங்கள் பக்கம்தான் இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வைத்துச் சொல்லும் கருத்து அந்த ரேட். தொழுவத்தில் குதிரையைத் தினமும் பார்க்கிறவர்களின் பணமும் அதில் இருக்கிறது.

இதை அழுத்தமாகக் காட்டியவர் ஹாங்காங்கில் கணினியின் துணையோடு பல ஆண்டுகள் பந்தயம் கட்டிப் பெரும் பணம் ஈட்டிய அமெரிக்கர் பில் பென்டர். ரூத் போல்ட்டன், ராண்டல் சாப்மன் இருவரும் 1986-ல் வெளியிட்ட கணித முறையை அடித்தளமாக வைத்து அவர் தன் மாதிரியை வளர்த்தார். 1994-ல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. எத்தனை தகவலைச் சேர்த்தாலும் மாதிரி தனியாக நின்று சொல்லும் வாய்ப்பைவிட, அதையும் பொதுமக்களின் ரேட்டையும் கலந்து எடுத்த வாய்ப்பே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அவருக்கு வாய்த்த களமும் வசதியானது. இரண்டே மைதானம், திரும்பத் திரும்ப ஓடும் அதே குதிரைகள், நேர்த்தியான பதிவேடுகள், பெரிய தொட்டி. ஒரு முழுக் குழுவும் கணினியும் வருடக்கணக்கான உழைப்பும் சேர்ந்து எடுத்த சிறு அனுகூலம் அது. காலையில் கார்டைப் புரட்டிப் பார்க்கிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கூட்டத்துக்கும் ஒரு பழைய கோணல் உண்டு. வாய்ப்பே இல்லாத குதிரைகள் மேல் தேவைக்கு அதிகமாகக் கட்டுவார்கள், ஃபேவரிட் மேல் கொஞ்சம் குறைவாகக் கட்டுவார்கள். அமெரிக்க உளவியலாளர் கிரிஃபித் 1949-லேயே இதைப் பதிவு செய்தார். அதன் பிறகு பல நாடுகளின் பதிவேடுகளில் இது தென்பட்டிருக்கிறது. 50/1 குதிரை ரேட் சொல்கிற அளவுக்குக்கூட ஜெயிப்பதில்லை. இதனால் ஃபேவரிட் மேல் கட்டுகிறவருக்கு லாபம் வந்துவிடாது. நஷ்டம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

'இது தோற்கவே தோற்காது' என்று ஒரு குதிரையும் கிடையாது. 1973 பெல்மான்ட் ரேஸை செக்ரட்டேரியட் 31 லெங்த் வித்தியாசத்தில், 2 நிமிடம் 24 விநாடியில் ஜெயித்தது. அந்தத் தூரத்தில் இன்றுவரை அந்த மைதானத்தில் அதற்கு நிகர் இல்லை. இரண்டே மாதம் கழித்து, ஆகஸ்டில் சரடோகாவில், ஆனியன் என்ற குதிரையிடம் அதே செக்ரட்டேரியட் தோற்றது.

## ஒரு ரேஸ் ஒரு நாளாகும்போது

வாய்ப்புகளை அடுக்கும்போது அவற்றைக் கூட்டுவதில்லை, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். ஒன்றுக்குக் குறைந்த எண்களைப் பெருக்கினால் விடை சுருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு ரேஸிலும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள குதிரையைக் கண்டுபிடிக்கிற அபாரமான கணிப்பாளருக்கே, ஏழும் ஜெயிப்பது 128-ல் ஒன்றுதான்.

இதன் மறுபக்கம் 1996 செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்தின் அஸ்காட் மைதானத்தில் தெரிந்தது. ஜாக்கி பிராங்கி டெட்டோரி அன்று நடந்த ஏழு ரேஸையும் ஜெயித்தார். ஏழு குதிரைகளின் ரேட் வரிசையாக 2/1, 12/1, 10/3, 7/1, 7/4, 5/4, 2/1. கட்டிய பணத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 25,000 மடங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். இதில் கவனிக்க வேண்டியது கடைசிக் குதிரை. ஃபுஜியாமா கிரெஸ்ட்டின் ரேட் காலையில் 12/1. ஆறு ரேஸும் டெட்டோரி ஜெயித்துவிட்டதால் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு கட்டியது. புக்கிகளும் தங்கள் நஷ்டத்தைக் குறைக்க ரேட்டை இறக்கினார்கள். ரேஸ் தொடங்கும்போது 2/1. காலைக்கும் மாலைக்கும் இடையில் குதிரையின் கால்களில் எந்த மாற்றமும் இல்லை. அதுவரை ஜெயித்தவர் அதன் முதுகில் இருந்தார் என்பதைத் தவிர வேறு புதிய செய்தியும் இல்லை. ஜெயித்தது என்பதற்காக அந்த 2/1 சரியான ரேட் ஆகிவிடாது.

நடத்துபவரின் பங்கும் இதேபோலப் பெருகுகிறது. ஒவ்வொரு ரேஸிலும் 18 சதவீதம் கழிக்கப்படுகிறது என்று வைப்போம். 100 ரூபாயோடு தொடங்கி, வந்ததை எல்லாம் அப்படியே அடுத்த ரேஸில் கட்டிக்கொண்டு ஏழாவது வரை போனால், சராசரியாக மிஞ்சுவது 25 ரூபாய்தான். ஜாக்பாட் போல ஒரே தொட்டியில் பல ரேஸைச் சேர்த்துக் கட்டும் முறையில் கழிவு ஒரு தடவைதான். ஜாக்பாட்டின் உண்மையான அனுகூலம் இது.

ஜாக்பாட்டில் டிக்கெட்டை எப்படிப் பரப்புவது என்பதிலும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஐந்து ரேஸ். இரண்டில் பலமான ஃபேவரிட், தலா 60 சதவீதம், அடுத்த குதிரைக்கு 15. மீதி மூன்றும் திறந்த ரேஸ், அதாவது யார் வேண்டுமானாலும் ஜெயிக்கக்கூடியவை, முதல் மூன்று குதிரைகளுக்கு 18, 15, 12 சதவீதம்.

1. எல்லா ரேஸிலும் இரண்டிரண்டு குதிரை எழுதினால் 32 டிக்கெட். ஐந்தும் அமையும் வாய்ப்பு 2 சதவீதம்.
2. பலமான இரண்டு ரேஸிலும் ஒன்றே ஒன்று, திறந்த மூன்று ரேஸிலும் மும்மூன்று என்று எழுதினால் 27 டிக்கெட். வாய்ப்பு 3.3 சதவீதம்.

குறைந்த செலவில் அதிக வாய்ப்பு. பலமான ரேஸிலும் பயந்து இன்னொரு குதிரையைச் சேர்ப்பதால் செலவு இரட்டிப்பாகிறது, கிடைப்பதோ கொஞ்சம். அந்தப் பணம் திறந்த ரேஸில்தான் வேலை செய்யும்.

## விட்டுவிட வேண்டிய ரேஸ்கள்

பட்டியல் கேட்பவர்கள் ஏழு பெயர் கேட்கிறார்கள். அதனால் எழுதுபவர்களும் ஏழு பெயர் எழுதுகிறார்கள். ஆனால் உண்மையில் ஒரு நாளில் சொல்வதற்கு ஏதாவது இருக்கிற ரேஸ் ஒன்று அல்லது இரண்டு. சில நாள் ஒன்றுமே இருக்காது. கீழே உள்ளவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது:

- பெரும்பாலான குதிரைகள் முதல்முறையாக ஓடும் ரேஸ். படிக்க ஃபார்மே இல்லை.
- பதினாறு, பதினெட்டு குதிரை ஓடும் ஹேண்டிகேப். சமப்படுத்தும் வேலை நன்றாக நடந்திருந்தால் ஃபேவரிட்டுக்கே ஏழெட்டில் ஒரு வாய்ப்புதான் இருக்கும்.
- காலையில் மழை பெய்து தரை மாறிய பிறகும் பழைய தரையை நம்பிக் கணித்த எந்த ரேஸும்.

## நாள் நகரும்போது

காலையில் எழுதியது மாலை வரை செல்லாது. குதிரைகள் விலகும். முன்னோடி ஒன்று விலகினால் மீதி முன்னோடிக்கு அதிர்ஷ்டம், அந்த ரேஸின் கணக்கையே முதலிலிருந்து போட வேண்டும்.

முதல் மூன்று ரேஸிலும் உள்பக்கத்தில் முன்னால் போனவையே ஜெயித்தால், இன்று தரை உள்பக்கம் சாதகமாக இருக்கிறது என்று எல்லோரும் பேசத் தொடங்குவார்கள். சில நாள் உண்மைதான். ஆனால் மூன்றுமே சாதாரணமாக ஜெயிக்கக்கூடிய ஃபேவரிட்களாக இருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஜெயிக்கக் கூடாத குதிரை உள்பக்கத்தில் தாக்குப்பிடித்ததா, நல்ல குதிரை வெளிப்பக்கத்தில் திணறியதா என்று பார்க்க வேண்டும்.

டோட்டில் இன்னொரு சிக்கல். ரேட் கடைசி நிமிடத்தில்தான் முடிவாகும். 5/1 என்று பார்த்துக் கட்டியது, கதவு திறக்கும்போது 3/1 ஆகியிருக்கலாம். நீங்கள் போட்ட கணக்கு 5/1-க்கு. ஆனால் கிடைப்பது 3/1.

அப்புறம், கடைசி ரேஸ். நாள் முழுக்க விட்டதை ஒரே அடியில் மீட்க வேண்டும் என்று கூட்டம் வாய்ப்புக் குறைந்த, ரேட் அதிகமான குதிரைகளை நோக்கிச் சாய்கிறது என்பதை 1956-ல் மெக்லாத்லின் என்ற ஆய்வாளர் கவனித்தார். பின்னால் வந்த பதிவேடுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் அந்த மனநிலை மைதானத்துக்குப் போன எவருக்கும் தெரிந்ததுதான். மூன்றில் ஒரு வாய்ப்புள்ள குதிரைகளையே தேர்ந்தெடுத்தாலும், நூறு ரேஸுக்குள் எட்டு ஒன்பது தொடர் தோல்வி வருவது இயல்பு. தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டுகிறவர், ஒரு ரூபாயில் தொடங்கி ஒன்பது தோற்றால், பத்தாவதாகக் கட்ட வேண்டியது 512 ரூபாய். வீட்டுச் செலவுக்கு வைத்த பணம் இப்படித்தான் கரைகிறது.

## ஒரு கணிப்பாளரை அளப்பது

ஒரு நாளை வைத்து அளக்க முடியாது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஒருவர் 'நான்கில் ஒரு வாய்ப்பு' என்று சொன்ன குதிரைகள் நூற்றைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 25 ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் எல்லாம் சரியாக இருந்தாலும் 17 முதல் 33 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அதிர்ஷ்டத்தின் அலைச்சல் அவ்வளவு பெரியது. ஐந்நூறு, ஆயிரம் என்று பதிவுகள் சேர்ந்த பிறகுதான் திறமை தலைகாட்டும்.

அதனால் யாருடைய கணிப்பையும் எடுத்துக்கொள்வதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. ரேஸ் ஓடும் முன்பே எழுதி வைத்த, தோற்றதையும் சேர்த்த முழுப் பதிவேடு இருக்கிறதா? ஒவ்வொரு குதிரைக்கும் அப்போது கிடைத்த ரேட் அதில் இருக்கிறதா? அவர் கணிக்காமல் விட்ட ரேஸ்கள் எத்தனை? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றுகூட இல்லை' என்று பதில் வந்தால், முதல் இரண்டையும் இன்னும் கவனமாகப் பாருங்கள்.